சேலத்தில் கரண்ட் வண்டி: ஈ.பி. இணைப்பு, 500 யூனிட் கோடு, ஏற்காடு ஏற்றம்

சேலத்தில் பேட்டரி ஸ்கூட்டரோ காரோ வாங்கப் போகிறவருக்கு வண்டியைப் பற்றிய விமர்சனம் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. அதற்கு ராத்திரியெல்லாம் சார்ஜ் ஏற்றப்போகிற மின் இணைப்பைப் பற்றிச் சொல்லத்தான் ஆளில்லை. இந்த மதிப்பீடு அந்த இணைப்பைப் பற்றியது. 2024-ல் டான்ஜெட்கோ என்ற பெயர் போய்த் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் ஆகிவிட்டாலும் ஊரில் எல்லோரும் இன்னும் ஈ.பி. என்றே சொல்கிற வாரியம் வாசல்வரை கொண்டுவந்து தருவது எப்படி, மீட்டருக்கு உள்ளே நாம் செய்துகொள்ள வேண்டியது என்ன, மாநகராட்சி தன் பங்குக்கு ஓட்டுகிற பேட்டரி வண்டியும் தெருவிளக்கும் எப்படி, ஏற்காடு ஏறினால் கணக்கு எப்படி மாறும் என்று பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாரியம் தருகிற கரண்ட் பாஸ். கட்டணமும் பாஸ், இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டாதவரை. சறுக்குகிற இடம் மீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிற வயரும் பிளக்கும் எர்த்தும்தான். அதற்கு வாரியத்தைத் திட்டிப் பயனில்லை.

பில் எவ்வளவு ஏறும்?

வீட்டு இணைப்பிலேயே வண்டிக்குச் சார்ஜ் போடலாம். வீட்டில் ஏற்றும் சார்ஜுக்கு வீட்டுக் கட்டணமே பொருந்தும் என்று மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ஆகவே ஸ்கூட்டர் வைத்திருப்பவர் தனி மீட்டருக்கு அலைய வேண்டியதில்லை.

முதலில் வண்டி எவ்வளவு குடிக்கும் என்று பார்ப்போம். 3 கிலோவாட் அவர் (ஒரு கிலோவாட் அவர் என்பது ஒரு யூனிட்) பேட்டரி ஸ்கூட்டரை முழுதாக நிரப்ப மீட்டரில் சுமார் மூன்றரை யூனிட் ஓடும். அரை யூனிட் சார்ஜரின் சூட்டிலும் பேட்டரியின் சூட்டிலும் போய்விடும். ஊருக்குள் சாதாரண ஓட்டத்துக்கு 100 கிலோமீட்டருக்கு மூன்று முதல் மூன்றரை யூனிட். மாதம் 900 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 60 யூனிட் கூடும். சிறிய கார் என்றால் மீட்டர் கணக்கில் கிலோமீட்டருக்கு 150 வாட் அவர் வைத்துக்கொள்ளலாம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்.

இந்த 60 யூனிட்டும் 300 யூனிட்டும் எந்த விலையில் வரும் என்பது வண்டி வருவதற்கு முன் வீடு எவ்வளவு எடுத்துக்கொண்டிருந்தது என்பதைப் பொறுத்தது. இங்கே போடுவது 2024 ஜூலைக் கட்டணப்படியான கணக்கு; அப்போது இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூலையில் நிர்ணயித்தபடி 400 யூனிட் வரை 4.80 ரூபாய், 401 முதல் 500 வரை 6.45, 501 முதல் 600 வரை 8.55, 601 முதல் 800 வரை 9.65, 801 முதல் 1,000 வரை 10.70, அதற்கு மேல் 11.80. அரசு மானியம் கழிந்து பில்லில் வரும்போது சில பைசா முன்பின் இருக்கும். மொத்தம் 500-க்குள் நிற்கிறவருக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு ஏறக்குறைய பாதி விலைதான். 501-வது யூனிட் ஓடியதும் அந்தச் சலுகை கைவிட்டுப் போகும். அந்த ஒரே யூனிட்டால் பில்லில் இருநூற்று முப்பது, நாற்பது ரூபாய் கூடுகிறது. சேலத்துக்காரர்கள் பலருக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் வண்டி வாங்கும்போது ஷோரூமில் யாரும் இதைச் சொல்வதில்லை.

கணக்குப் போட்டால் இப்படி வரும். ஏற்கெனவே 300 யூனிட் எடுக்கிற வீட்டில் ஸ்கூட்டரின் 60 யூனிட் சேர்ந்தால் கூடுதல் செலவு 290 ரூபாய்க்குள் அடங்கும். 1,800 கிலோமீட்டருக்கு அது அவ்வளவுதான், கிலோமீட்டருக்கு 16 பைசா. அதே ஸ்கூட்டர் 470 யூனிட் எடுக்கிற வீட்டுக்கு வந்தால் மொத்தம் 530 ஆகிறது. பில் 1,650 ரூபாயிலிருந்து 2,340-க்குத் தாவும். வண்டிக்குப் போன ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபாய்க்கு மேல்! ஒரே ஊர், ஒரே வண்டி, ஒரே வாரியம், செலவோ இரண்டு மடங்குக்கு மேல்.

காருக்கு 420 யூனிட் எடுக்கிற வீட்டை எடுத்துக்கொண்டால் 720 ஆகும். கூடுதல் 300 யூனிட்டுக்குச் சுமார் 2,750 ரூபாய், அதாவது யூனிட் ஒன்பது ரூபாய்ச் சொச்சம். அப்போதும் 2,000 கிலோமீட்டருக்கு கிலோமீட்டர் ஒன்றரை ரூபாய்க்குள்தான் வருகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 130 லிட்டருக்கு மேல் குடிக்கும். ஆக, கோட்டைத் தாண்டினாலும் கார்க்காரருக்கு லாபம்தான். கணக்கு கையைக் கடிப்பது ஸ்கூட்டர்க்காரருக்கு, அதுவும் 440-க்கும் 500-க்கும் இடையில் நின்றுகொண்டிருக்கிற வீட்டுக்கு.

அந்த வீட்டுக்கு வழி இருக்கிறது, வண்டிக்குள் அல்ல, கூரையில். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் எடுக்கும். பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் முழு வேகத்தில் 28 முதல் 35 வாட். சேலத்து வெயிலுக்கு ஒரு ஃபேன் நாளுக்கு 12 மணி நேரம் ஓடுவது சாதாரணம். வித்தியாசம் 45 வாட் என்று வைத்தாலே 60 நாளில் 32 யூனிட். மூன்று ஃபேனை மாற்றினால் 97 யூனிட் மிச்சம், ஸ்கூட்டர் கேட்பதோ 60. 470 யூனிட் வீடு ஸ்கூட்டரோடு சேர்ந்தும் 433-ல் நிற்கும். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம், பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். பி.எல்.டி.சி. ஃபேனைப் பழைய சுவர் ரெகுலேட்டரோடு மாட்டக்கூடாது. ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்பாக்கி, ரிமோட்டிலோ ஃபேனோடு வரும் சுவிட்சிலோதான் வேகத்தைக் குறைக்க வேண்டும். மாட்டினால் ஃபேனுக்குள் இருக்கும் போர்டுதான் போகும். ஏ.சி. இருந்தால் 24 டிகிரியில் வைப்பது அடுத்த படி. ஒரு டிகிரி ஏற்றினால் தோராயமாக 6 சதவீதம் மிச்சம் என்று எரிசக்திச் சிக்கன அமைப்பு சொல்கிறது.

இன்னொன்று, ராத்திரியில் சார்ஜ் போட்டால் மலிவு என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. வீட்டு இணைப்புக்கு இங்கே நேரவாரிக் கட்டணம் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் போடச் சொல்வதற்குக் காரணம் வேறு, வோல்டேஜ்.

இணைப்பும் லோடும்

சாயங்காலம் ஆறிலிருந்து பத்துவரை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளியிருக்கும் கடைசி வீடுகளில் வோல்டேஜ் இறங்கும். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி ஓடுகிற தெருக்களில் பகலிலும் இதே நிலை வரலாம். கார் சார்ஜர் ஆம்பியருக்கு ஒரு வரம்பு வைத்துக்கொண்டு எடுப்பதால் வோல்டேஜ் குறைந்தால் வேகம்தான் குறையும். 230 வோல்ட்டில் 14 ஆம்பியர் என்றால் 3.2 கிலோவாட், 195 வோல்ட்டில் அதே 14 ஆம்பியர் 2.7 கிலோவாட். காலைக்குள் நிரம்பவில்லை என்று வண்டிக் கம்பெனியோடு சண்டைக்குப் போகும் முன் ராத்திரி எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

ஸ்கூட்டர் சார்ஜர் 700 முதல் 900 வாட். இஸ்திரிப் பெட்டி அளவுதான், எந்தப் பழைய இணைப்பும் தாங்கும். காரோடு வரும் 15 ஆம்பியர் சார்ஜர் 3.3 கிலோவாட் வரை எடுக்கும். வீடு சிங்கிள் ஃபேஸ் என்றால் அதன் எல்லை சுமார் 4 கிலோவாட். கார் நிற்கும்போது கீசரும் ஓடினால் 23 ஆம்பியருக்கு மேல் போய் எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) விழும். விழுகிறதே என்று 20 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றி 32 மாட்டித்தரும் எலெக்ட்ரீஷியன் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். அதைச் செய்யவிடக்கூடாது. எம்.சி.பி. காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை. வயர் அப்படியே இருக்க எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால் அடுத்து உருகப்போவது வயர்தான்.

7.2 கிலோவாட் சுவர்ச் சார்ஜர் வைக்க வேண்டுமானால் த்ரீ ஃபேஸ் வாங்கிவிடுவதே சரி. கூடுதல் லோடுக்கான விண்ணப்பம் வாரியத்தின் இணையதளத்திலேயே போகிறது. சர்வீஸ் எண், அடையாளச் சான்று, வீட்டு வரி ரசீது, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் வயரிங் சான்று இவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் வந்த திருத்தத்தின்படி புதிய இணைப்புக்கும் இருக்கும் இணைப்பில் மாற்றத்துக்கும் மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 7 நாள், கிராமத்தில் 15 நாள், மலைக் கிராமத்தில் 30 நாள் என்று கெடு இருக்கிறது. பெருநகரத்துக்கு 3 நாள், சேலம் அந்தப் பட்டியலில் வராது. மின்வாகனத்துக்கென்று தனி இணைப்பு கேட்கும் உரிமையும் அதே திருத்தத்தில் வந்தது. தாமதமாகிற வழக்கமான காரணம் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரும், நம் பக்கத்து மெயின் சுவிட்சும் நான்கு வயருக்கு மாற்றப்படாமல் இருப்பது. நம் பக்கத்து வேலையை முன்கூட்டியே முடித்து வைத்தால் பாதி அலைச்சல் குறையும்.

த்ரீ ஃபேஸ் வந்த பிறகும் ஒரு கவனம் வேண்டும். 7.2 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியரையும் ஒரே ஃபேஸிலிருந்து உறிஞ்சும். ஏ.சி.யும் மோட்டாரும் அதே ஃபேஸில் இருந்தால் மூன்று ஃபேஸ் வாங்கியதற்கே அர்த்தம் இல்லை. போர்டில் பிரித்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

இங்கே ஓர் ஆபத்தான குறி உண்டு, எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. சார்ஜ் போட்டதும் ஒரு அறையில் லைட் மங்கி, இன்னோர் அறையில் லைட் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் கம்பத்திலோ மெயினிலோ நியூட்ரல் லூஸ் என்று அர்த்தம். லோடு குறைந்த ஃபேஸில் வோல்டேஜ் முந்நூறைத் தாண்டிப் போகலாம். டி.வி., ஃபிரிட்ஜ், சார்ஜர் எல்லாம் ஒரே சமயத்தில் போகும். உடனே மெயினை இறக்கிவிட்டு வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987-ல் புகார் சொல்ல வேண்டும். 2021-ல் தொடங்கிய இந்த எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, சர்வீஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டால் வேலை சீக்கிரம் நடக்கும். இந்த ஒரு சேவைக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பார்க்கிங்கில் இருக்கும் மோட்டார் ரூம் பிளக்கில் சொருகுவது நல்லதல்ல. அது பொது மீட்டர், கட்டணம் வேறு வகை, அசோசியேஷன் கூட்டத்தில் மானம் போகும். சொந்த மீட்டரிலிருந்து பார்க்கிங்வரை தனி கேபிள் இழுத்து, மீட்டர் பக்கம் ஓர் எம்.சி.பி.யும் வண்டிப் பக்கம் பூட்டுப் போட்ட ஐசொலேட்டர் சுவிட்சும் வைப்பதுதான் வழி. நீளம் 25 மீட்டர் என்றால் 32 ஆம்பியருக்கு 6 சதுர மில்லிமீட்டர் காப்பர் வேண்டும், அதில் இழப்பு 6 வோல்ட்டுக்குள் நிற்கும். 4-ல் இழுத்தால் 9 வோல்ட் போகும், அந்த இழப்பு முழுதும் கேபிளில் சூடாக உட்காரும். 15 ஆம்பியர் சார்ஜருக்கு 4 தாராளம், குறைந்த தூரம் என்றால் 2.5 போதும்.

எர்த்: இந்த ஊரில் முக்கியமான பாடம்

ஸ்கூட்டர் சார்ஜர் எர்த் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் முணுமுணுக்காமல் ஏறும். கார் சார்ஜர் அப்படியல்ல. எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா நிற்கும். சேலத்தில் இது அடிக்கடி வருவதற்கு மண்ணும் ஒரு காரணம். அடியில் பாறை, மேக்னசைட் சுரங்கம் இருக்கும் பக்கம் வெள்ளை மண், ஏப்ரல் மே-யில் ஈரமே இருக்காது. மழைக்காலத்தில் சரியாக இருந்த எர்த் கோடையில் கைவிரிக்கும்.

சோதிக்க மல்டிமீட்டர் போதும். பிளக்கில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 வந்தால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறக்குறைய அதுவே வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் 2, 3 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். அது பத்து, இருபது என்று காட்டினால் எர்த் செத்துவிட்டது. லோடு இல்லாமல் பார்த்தால் ஏமாற்றும், கீசரை ஓடவிட்டுப் பார்க்கவும். எர்த்தின் தடையை அளக்கும் மெக்கர் கருவி வைத்திருக்கும் ஆள் கிடைத்தால் 5 ஓமுக்குக் கீழே இருக்கிறதா என்று அளக்கச் சொல்லலாம். தீர்வு பழைய முறைதான்: இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், கரியும் உப்பும் அடுக்கடுக்காக, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு வாய். பாறை தட்டி அவ்வளவு ஆழம் போகாவிட்டால் ஒரே குழியில் மல்லுக்கட்டாமல் மூன்று மீட்டர் தள்ளி இன்னொரு குழி போட்டு இரண்டையும் இணைப்பது நல்லது. கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர்.

சிவப்பு விளக்கு வந்ததும் சிலர் செய்கிற குறுக்கு வழி பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவது. சார்ஜர் ஏமாந்து பச்சை காட்டும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்தத் துண்டு வயர் வழியாக 230 வோல்ட்டும் காரின் பாடியில் ஏறி நிற்கும், கதவைத் தொடுகிறவர் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படிச் செய்து கொடுக்கும் எலெக்ட்ரீஷியனைத் திரும்ப வீட்டுக்குள் விடாதீர்கள்.

சார்ஜருக்கென்று தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வைக்க வேண்டும், கடையில் கேட்கும்போது ‘டைப் ஏ’ என்று சொல்லி வாங்க வேண்டும். அலமாரியில் மலிவாகக் கிடைப்பது ‘டைப் ஏ.சி.’. சார்ஜரின் எலெக்ட்ரானிக்ஸிலிருந்து கசிவது நேரான ஏ.சி. அலையாக இருக்காது, அந்தக் கசிவை இது கண்டுகொள்ளாமல் விடலாம்.

பிளக்கும் முக்கியம். 14 ஆம்பியர் எட்டு மணி நேரம் தொடர்ந்து ஓடுவது மிக்ஸிக்கோ இஸ்திரிக்கோ நடக்காத விஷயம். திருகு கொஞ்சம் லூஸ் என்றாலும் முதலில் பிளக்கின் ஒரு காலைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகும், அடுத்து இளகும், பிறகு நாற்றம். சார்ஜ் போட்டு அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார்க்கவும். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைத்துப் பத்து எண்ண முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டுத் திருகை இறுக்க வேண்டும், காலில் கருப்பு படிந்திருந்தால் பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. வெளிச்சுவர் என்றால் மூடி போட்ட தொழிற்சாலை வகை நீலச் சாக்கெட் வாங்கினால் மழைக்கும் தாங்கும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பற்றி ஒரு வார்த்தை. துணைமின் நிலையம் வாரியாக முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடுகிறது, காலை 9 மணிக்குப் போனால் மதியமோ மாலையோதான் வரும். ராத்திரி சார்ஜ் போடுகிறவருக்கு இதனால் பாதிப்பு இல்லை. கரண்ட் திரும்ப வரும்போது வண்டி சொருகியே இருந்தால் அந்த முதல் துள்ளலைச் சார்ஜர்தான் வாங்கிக்கொள்ளும், எனவே தடை நாளில் பிளக்கைப் பிடுங்கி வைப்பது நல்லது.

மாநகராட்சியின் பங்கு

60 வார்டு, நான்கு மண்டலம், குகை, செவ்வாய்பேட்டை மாதிரி ஆட்டோவே திணறுகிற சந்துகள். வீட்டுக்கு வீடு நின்று குப்பை எடுக்கிற வேலைக்கு டீசல் வண்டியைவிடப் பேட்டரி வண்டி பொருத்தம் என்பதில் சந்தேகமில்லை. டீசல் நிற்கும்போதும் குடிக்கும், பேட்டரி நிற்கும்போது குடிக்காது. காலையில் சத்தமும் இல்லை. தேர்வு சரி.

பராமரிப்புதான் இந்த வகை வண்டிக்கு எங்குமே பலவீனமான இடம். லெட் ஆசிட் பேட்டரி வைத்த வண்டி என்றால் 12 வோல்ட் நான்கு சேர்ந்து 48 வோல்ட். 100 ஆம்பியர் அவர் என்று எழுதியிருந்தால் கணக்குக்கு 4.8 கிலோவாட் அவர் வரும், ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதிதான். வேலை முடிந்து மதியம் காலியாக வந்த வண்டியைச் சாயங்காலம்வரை அப்படியே விட்டுப் பிறகு சார்ஜ் போட்டால் தகட்டில் சல்ஃபேட் படியும், ஒரு வருடத்தில் பாதித் தூரத்துக்கு வந்துவிடும். வந்த உடனே சொருகுவதும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் பார்ப்பதும் போதும். அடுத்த எதிரி குப்பைத் தண்ணீர். தொட்டியிலிருந்து சொட்டும் புளித்த நீர் கீழே இருக்கும் கனெக்டரில் பச்சை பூக்க வைக்கும், கன்ட்ரோலர் திடீரென்று நிற்கும், மெக்கானிக் பேட்டரியைக் குறை சொல்வார். தொட்டிக்கு அடியில் ஒரு தகடும் கனெக்டரில் கிரீஸும் இருந்தால் இது வராது.

இந்த வண்டிகளின் வேலை மதியத்தோடு முடிவது ஒரு வசதி. பொதுச் சார்ஜிங்குக்கான மத்திய வழிகாட்டுதல் காலை 9 முதல் மாலை 4 வரையிலான சூரிய நேரத்தைத்தான் மலிவான நேரமாக வைக்கச் சொல்கிறது. 25 வண்டிக்கு ஆளுக்கு ஒரு கிலோவாட் என்றால் 25 கிலோவாட். அத்தனையும் பன்னிரண்டு மணிக்கு ஒன்றாகச் சொருகாமல் இரண்டு வரிசையாகப் பிரித்தால் வாங்க வேண்டிய லோடும் பாதியாகும். ஷெட்டுக் கூரையில் சோலார் இருந்தால் அந்த நேரத்துக்கே அது விளையும்.

தெருவிளக்கில் 250 வாட் சோடியம் விளக்கின் இடத்தில் 100, 120 வாட் எல்.இ.டி. போதும் என்பதால் மிச்சம் பாதிக்கு மேல். எல்.இ.டி. சில்லு சீக்கிரம் போவதில்லை, அதன் பின்னால் இருக்கும், ‘டிரைவர்’ எனப்படும் மின்சுற்றுதான் இடி மின்னலில் போகிறது. மிச்சத்தை அழிக்கிற இன்னொரு விஷயம் பகலில் எரிகிற விளக்கு. டைமர் கெட்டால் ஒரே பெட்டியில் இருக்கும் 20 விளக்கும் சேர்ந்து எரியும். 120 வாட் வீதம் 12 மணி நேரத்துக்கு 29 யூனிட், அதாவது ஒரு ஸ்கூட்டரின் ஒரு மாதச் சார்ஜ் ஒரே பகலில். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்து மாநகராட்சிக்குச் சொன்னால் ஒரு விளக்குக்கு இல்லை, அந்த வரிசைக்கே பலன்.

வெளியே இருக்கும் பொதுச் சார்ஜர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரு, கோவை நெடுஞ்சாலைகளில் போகிறவருக்கு அவை தேவை. ஊருக்குள் இருப்பவருக்கு விலை கட்டாது. சேவைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். 80 சதவீதத்துக்கு மேல் வேகம் தானாகக் குறையும், அதற்கு மேல் நின்று காத்திருப்பது பின்னால் நிற்பவரின் சாபத்தை வாங்குவதற்குத்தான்.

ஏற்காடு

சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில், ஏற்காடு 1,515 மீட்டரில். முப்பது கிலோமீட்டருக்குள் 1,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம், அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்கவே 6 யூனிட் வேண்டும். மோட்டாரின் இழப்பும் சாலையின் இழுவையும் சேர்த்தால் 10 யூனிட் ஆகும். 30 கிலோவாட் அவர் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. சமதளத்தில் அதே தூரத்துக்கு 4 யூனிட்தான், ஆகவே வண்டியின் மீட்டரில் காட்டும் ‘இன்னும் இத்தனை கிலோமீட்டர்’ என்பதை அடிவாரத்தில் நம்பக்கூடாது. அடிவாரத்துக்கு முன் வரும் கோரிமேட்டைத் தாண்டும்போது பேட்டரியில் பாதிக்கு மேல் இருந்தால் கவலையில்லை.

இரண்டு பேர் ஏறிய ஸ்கூட்டருக்கு ஏற்றம் முடிய ஒன்றரை யூனிட்டுக்கு மேல் போகும். 3 கிலோவாட் அவர் வண்டியில் பாதிக்கு மேல். 2 கிலோவாட் அவர் வண்டியில் இருவர் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த வண்டிகள் மெதுவாக, பாரத்தோடு ஏறும்போது சூடேறும். சூடு எல்லை தொட்டதும் வண்டி தானாகப் பலத்தைக் குறைக்கும். பாதி வளைவில் வேகம் இறங்கினால் பழுது என்று பயப்பட வேண்டாம், ஓரமாக ஒதுக்கிப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டால் திரும்ப ஏறும். அந்தச் சூட்டோடு மேலே போனதும் சார்ஜ் போடக்கூடாது, ஒரு மணி நேரம் விடவும்.

இறங்கும்போதுதான் மின்வாகனத்தின் அருமை தெரியும். காருக்கு இரண்டு, இரண்டரை யூனிட் திரும்ப வரும், பிரேக்கும் சூடாகாது. இதற்கு ஒரு நிபந்தனை, பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். மேலே தங்கி 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் திரும்ப வரும் கரண்டை வாங்க இடமில்லை, வண்டி மோட்டார் பிரேக்கை விட்டுவிடும், 20 வளைவையும் கால் பிரேக்கிலேயே இறங்க வேண்டியதாகும். கீழே வரும்போது பிரேக் கருகிய வாடை அடிப்பது இதனால்தான். மேலே 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கோடை விழா நாட்களில் ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்குக் குப்பனூர் வழி என்று திருப்பிவிடுவதும் உண்டு. அந்த வழியிலும் கணக்கு பெரிதாக மாறாது.

மலைமேல் மின்சார சேவையைச் சேலத்தோடு ஒப்பிடுவது நியாயமில்லை. காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போகும் கம்பி, கோடை மழை சாயங்காலம் இடியோடு வரும், ஒரு கிளை விழுந்தால் போதும். எனவே ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்குள் சார்ஜை முடித்துவிடுவது புத்திசாலித்தனம். இடி இடிக்கும்போது பிளக்கில் வண்டி இருக்கக்கூடாது. ஹோட்டலில் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தாலும் பிடுங்கிவிடுங்கள். அதன் ஃபிரீக்வென்சி ஆடுவதால் சார்ஜர் விட்டு விட்டு நிற்கும், எரிவது டீசல், வேறு யாருடைய காசோ.

தங்கும் இடத்தை போனில் பதிவு செய்யும்போது ‘சார்ஜிங் இருக்கா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டியது, வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து எத்தனை அடியில் 15 ஆம்பியர் பிளக் இருக்கிறது, அதற்கு எர்த் உண்டா, சார்ஜுக்குத் தனியாக எவ்வளவு. பழைய எஸ்டேட் பங்களாக்கள் பல சிங்கிள் ஃபேஸ். காலை ஆறு மணிக்கு எல்லா அறையிலும் கீசர் போடுவார்கள், அதற்குள் உங்கள் வண்டி நிரம்பியிருக்க வேண்டும். சார்ஜரில் ஆம்பியரைக் குறைக்கும் வசதி இருந்தால் 10 அல்லது 8-க்கு இறக்கி ராத்திரி ஒன்பது மணிக்கே போட்டுவிடுங்கள். 8 ஆம்பியரிலும் ஒன்பது மணி நேரத்தில் 16 யூனிட்டுக்கு மேல் ஏறும், இறங்குவதற்கும் அடுத்த நாள் ஊர் சுற்றுவதற்கும் அது ஏராளம்.